ஏழு நாள் இல்லாதவர்

காலை எட்டேகால் மணிக்கு ஒன்பதாவது மாடியில் லிஃப்டுக்குள் நுழைந்த நிதர்சன், மூலையில் நின்றிருந்த ஜோயல் ராஜைப் பார்க்கவில்லை. கண்ணில் படாமல் இல்லை; பட்டது. ஆனாலும் பார்க்கவில்லை. ஜோயல் பதின்மூன்றாவது மாடிக்காரர், பத்து வருடப் பழக்கம். போன வாரம் வரை ஆளைக் கண்டால் கிரிக்கெட்டில் ஆரம்பித்து மூட்டுவலியில் முடிக்காமல் விடமாட்டார். இப்போது அவர் சாம்பல் நிற அங்கி மாட்டியிருந்தார். அந்த நிறம் எதிரே வந்தால் கண்ணைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொள்வதுதான் 2084-ஆம் ஆண்டு ஈரோட்டில் மரியாதை.

ஜோயல் மெல்லச் செருமினார். சாம்பல் அங்கிக்காரர்கள் பேசக் கூடாது, தங்கள் சாப்பாட்டைத் தவிர எந்தப் பொருளையும் தொடக் கூடாது. லிஃப்ட் பொத்தானும் பொருள்தான். தினமும் அரைமணி நேரம் கீழே இறங்கிக் காற்று வாங்க அனுமதி உண்டு. ஆனால் திரும்பி மேலே போக வேறு யாராவது பொத்தானை அமுக்க வேண்டும். பாவம், மனிதர் யார் யார் எந்தெந்த மாடிக்குப் போனார்களோ அங்கெல்லாம் கூடவே போய் வந்துகொண்டிருந்தார் போலிருக்கிறது. முகம் வாடியிருந்தது.

நிதர்சன் லிஃப்டின் கூரையைப் பார்த்துச் சொன்னான்: “ஜோயல் அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் பதிமூணாவது மாடிக்குப் போயிருப்பாரு. நல்ல மனுசன்.” சொல்லிவிட்டுப் பதின்மூன்றை அமுக்கினான். சட்டப்படி இதில் தவறில்லை. இல்லாதவரோடுதான் பேசக் கூடாது, இல்லாதவரைப் பற்றிப் பேசலாம். ஜோயலுக்குக் கண் கலங்கிவிட்டது. மாடி கிடைத்ததற்கா, நல்ல மனுசன் என்று காதால் கேட்டதற்கா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இன்னும் மூன்று மாதத்தில் நிதர்சனும் இப்படி இல்லாமல் போயாக வேண்டும்.

முன்பெல்லாம் ஆயுள் காப்பீடு எடுப்பது சுலபமாக இருந்தது. எவ்வளவு தொகை வேண்டும் என்று கேட்டார்கள். ஆளாளுக்குத் தன் தலைக்குத் தானே விலை சொன்னார்கள். ஒரு மனிதன் தன்னைப் பற்றி நினைத்துக்கொள்வதற்கு உச்சவரம்பு ஏது? வேலைவெட்டி இல்லாதவன்கூடப் பத்துக் கோடி என்றான். கம்பெனிகள் தள்ளாடிப்போய்க் கடைசியில் ஒரு சட்டம் வந்தது. ஒருவன் போனால் அவன் வீட்டில் எவ்வளவு பள்ளம் விழுமோ, அவ்வளவுக்குத்தான் காப்பீடு. பள்ளத்தை எப்படி அளப்பது? ஆளை ஏழு நாள் இல்லாமல் ஆக்கிப் பார்த்துவிடுவது. அரசிதழில் இதற்கு ‘இன்மை ஒத்திகை’ என்று அழகான பெயர். தெருவில் சொல்வது ‘ட்ரையல் சாவு’.

ஆரம்பத்தில் ஒத்திகைக்காரர்களை விடுதியில் தங்கவைத்தார்கள். கேஸ் சிலிண்டர் எங்கே, ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று அவர்கள் அங்கிருந்தே போனில் சொல்லிக்கொடுத்துக் கெடுத்தார்கள். அதனால் இப்போது வீட்டுக் கூடத்திலேயே ஒரு நாற்காலி. சாப்பாடு கம்பெனியிலிருந்து பொட்டலமாக வரும். வீட்டார் அவரைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. சுவரில் ஒட்டியிருக்கும் பள்ளமானி என்ற பெட்டி, அவர் இல்லாததால் குடும்பத்துக்கு ஆகும் நஷ்டத்தைக் கூட்டிப் பெருக்கிப் பச்சை எழுத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். நடுவில் அவர் வாய் திறந்தால் அந்த நொடியோடு ஒத்திகை முடிந்தது. வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் வாய்ப்பு, அதுவும் ஐம்பது வயதுக்குள்.

நிதர்சனுக்கு நாற்பத்தொன்பது முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று யாராவது கேட்கலாம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே ஐம்பதாவது வயதில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ரசம் ஊற்றச் சொல்லிவிட்டு ரசம் வருவதற்குள் போய்விட்டார். அப்போது நிதர்சனுக்குப் பதினேழு வயது. கல்லூரியில் சேர விண்ணப்பம் போட்டிருந்தான். திங்கட்கிழமை காலை அவன் நீல ஏப்ரன் கட்டிக்கொண்டு சமையற்கரம் பழுதுபார்க்கும் பட்டறையில் நின்றான். கிச்சன் ஆர்ம் என்று மற்றவர்கள் சொல்லும் அந்த இயந்திரக் கைகளுக்கு முப்பத்திரண்டு வருடமாக எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறான். அவன் மகள் பாவாயிக்கு இப்போது பதினேழு. தூத்துக்குடியில் ஆழ்கடல் வேளாண்மை படிக்க இடம் கிடைத்திருந்தது. ஐந்து வருடப் படிப்பு. அந்த ஐந்து வருடத்துக்குள் தனக்கு ஏதாவது ஆனால் என்ற நினைப்பு வந்தால் நிதர்சனுக்கு ரசம் இறங்காது.

ஜோயலின் ஏழு நாள் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, முகவர் ரோகித்குமார் வீட்டுக்கு வந்தார். அறுபத்துநாலு வயது. சாவைப் பற்றி இயந்திரம் பேசினால் மக்கள் அடிக்க வருகிறார்கள் என்பதால், காப்பீட்டை மனிதர்தான் விற்க வேண்டும் என்று விதி. நாட்டில் மிச்சமிருந்த சில மனித உத்தியோகங்களில் அது ஒன்று. அவரும் வேட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டு உத்தியோக தோரணையோடு உட்கார்ந்தார்.

“மூணு திட்டம் இருக்குதுங் தம்பி. மொதல்ல வெறுந்திட்டம். போயிட்டா ஊட்டுக்குப் பணம் வரும். போகலைன்னா ஒண்ணும் வராது.”

“ஒண்ணுமேங்களா? கட்டுன பணம்?”

“அது போனது போனதுதான்.”

“அப்ப சாகலைன்னா நட்டமுங்களே அண்ணா?”

ரோகித்குமார் நாற்பது வருடமாக இந்தக் கேள்வி காதில் விழுந்து பழகியவர். “சாகலைன்னா சந்தோசமா இருக்கோணும் தம்பி. அதுக்குன்னு கம்பெனி தனியா பரிசு குடுக்காது,” என்றார். “அப்படி மனசு கேக்கலைன்னா ரெண்டாவது, திரும்பல் திட்டம். கட்டுனது திரும்பி வரும். ஆனா அஞ்சு மடங்கு கட்டோணும். மூணாவது, நினைவாளர் திட்டம். நீங்க போனதுக்கப்புறம் சுவர்த்திரையில உங்க மூஞ்சி, உங்க கொரல். ஊட்ல எதாச்சும் கேட்டா நீங்களே யோசன சொல்லுவீங்க.”

நிதர்சனின் மனைவி தன்ஷிகா மஞ்சள் மண்டியில் தர ஆய்வாளர். மஞ்சளை முகர்ந்து பார்த்தே எந்த ஊர்க் காட்டில் விளைந்தது என்று சொல்லிவிடுவாள். அதில் மட்டும் இன்னும் எந்த இயந்திரமும் அவளை ஜெயிக்கவில்லை. அவள் காபி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்: “இருக்கறப்ப சொல்ற யோசனையே போதுமுங்ணா. அதுக்கு எதுக்குங் மாசாமாசம் பணம் கட்டிட்டு?”

வெறுந்திட்டம் என்று முடிவாயிற்று. படிப்புக்கு அறுபது லட்சம், வீட்டுக் கடன் ஒன்றே கால் கோடி, மேற்கொண்டு கைச்செலவு என்று நிதர்சன் ரெண்டு கோடி என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். ரோகித்குமார் வாசல்வரை வந்து அவன் காதருகே குனிந்தார்.

“ரெண்டு கோடிப் பள்ளம் விழுகோணும்னா அதுக்குத் தக்கன வேல செய்யோணும் தம்பி. ஜோயல் சார் கதை தெரியுமில்ல?”

தெரியாமல் என்ன. அடுக்ககம் முழுவதும் அதே பேச்சு. ஜோயல் இல்லாத ஏழு நாளில் அவர் மனைவி ஃப்ளோரா அவருடைய மீன்தொட்டியை விற்று, உடம்பு பிடித்துவிடும் நாற்காலியை நிறுத்தி, கரண்ட் செலவைப் பாதியாக்கிவிட்டாள். பள்ளமானி இறங்கி இறங்கிப் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது. பள்ளம் இல்லை, மேடு. ‘தங்கள் குடும்பம் ஏற்கெனவே பாதுகாப்பாக உள்ளது, வாழ்த்துகள்’ என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஃப்ளோரா அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசித்ததாகக் கேள்வி.

“அப்ப நான் என்னங்ணா பண்ணோணும்?”

“மூணு மாசம் இருக்குது. ஊட்ல எல்லாத்தையும் உங்க கைக்குள்ள கொண்டாந்துருங்க. நீங்க இல்லாட்டி ஒரு துரும்பு அசையக் கூடாது. எல்லாரும் பண்றதுதான்.”

அன்று முதல் நிதர்சன் தன் குடும்பத்தைத் திட்டமிட்டு உதவாக்கரை ஆக்கத் தொடங்கினான். வீட்டுச் சமையற்கரத்தைத் திறந்து, தன் குரலுக்கு மட்டும் அடங்குமாறு பூட்டினான். தன்ஷிகா “தோசை” என்றால் அது கையைக் கட்டிக்கொண்டு நின்றது. நிதர்சன் “தோசை” என்றால் மாவைக் கரைத்தது. அடுக்ககத்தில் தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு நீர் ஏலம் நடக்கும். அன்றைய தண்ணீரை எந்த நொடியில் கேட்டால் மலிவாக விழும் என்பது ஒரு வித்தை. பாவாயி அதைக் கற்றுக்கொள்ள வந்தபோதெல்லாம், “நீ போய்ப் படி கண்ணு,” என்று திரையை மறைத்துக்கொண்டான். ஸ்க்ரூ டிரைவரை மாற்றி வைத்தான். வாசல்கதவை லேசாகக் கோணலாக்கி, தான் ஒரு குறிப்பிட்ட இடத்தில் முழங்காலால் தட்டினால் மட்டும் திறக்கும்படி செய்தான். அதற்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று.

ஒருநாள் தன்ஷிகா, அவன் ஊறுகாய் ஜாடியின் மூடியை ஸ்பேனர் போட்டு முறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். “என்னங் மாமா பண்றீங்?” என்றாள்.

“மூடி லூசா இருந்துச்சு.”

“அப்படீங்களா,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த ‘அப்படீங்களா’வில் இருந்த மரியாதையைப் பார்த்தாவது அவன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

ஒத்திகை திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குத் தொடங்கியது. ரோகித்குமார் வந்து பள்ளமானியைச் சுவரில் ஒட்டி, நிதர்சனுக்குச் சாம்பல் அங்கியை மாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, “நல்லபடியா போயிட்டு வாங்க,” என்றார். தன்ஷிகா சட்டப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவாயி சிரிப்பை அடக்கப் பக்கத்து அறைக்கு ஓடினாள். நிதர்சன் இல்லாமல் போனான்.

போன ஒரு மணி நேரத்துக்குள் வீடு சரிய ஆரம்பித்தது. எத்தனை அழகான சரிவு! தன்ஷிகா சமையற்கரத்திடம் கெஞ்சினாள், மிரட்டினாள், அது அசையவில்லை. கையால் உப்புமா கிண்டினாள். புகை கூடத்துக்கு வந்தது. பாவாயி நீர் ஏலத்தில் நாலு மடங்கு விலைக்குத் தண்ணீர் எடுத்தாள். வாசல்கதவு திறக்காமல் இரண்டு பேரும் மாறி மாறித் தோளால் இடித்தார்கள். பள்ளமானி முதல் நாள் மாலைக்குள் நாற்பது லட்சம் காட்டியது. நிதர்சன் கம்பெனிப் பொட்டலத்தைப் பிரித்தான். தயிர்சாதம், மேலே ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று அச்சிட்ட காகிதக் கைக்குட்டை. ருசித்துச் சாப்பிட்டான்.

இல்லாமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. யாரும் எதுவும் கேட்பதில்லை. தன் அருமை தன் கண்ணெதிரே எண்ணாக ஏறுவதைப் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? மாலை ஆறு இருபதுக்கு வெளியே லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டது, எதிர்வீட்டுக்காரர் வருகிறார். மண்டிக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்த தன்ஷிகா பாதியில் நிறுத்திவிட்டாள். என்ன சொல்ல வந்தோம் என்று மறந்துவிட்டாள் போலும், அவளுக்கும் வயதாகிறது என்று நிதர்சன் நினைத்துக்கொண்டான்.

செவ்வாய் தொண்ணூறு லட்சம். புதன் ஒன்றே கால் கோடி. வியாழக்கிழமை ஊறுகாய் ஜாடியைத் திறக்க முடியாமல் தன்ஷிகா அதைத் தரையில் போட்டு உடைத்தபோது பெட்டி ஒன்றரைக் கோடியைத் தாண்டியது. ஒரே ஒரு விஷயம்தான் அவனுக்குப் புரியவில்லை. கருகிய உப்புமாவை ஒதுக்கிவிட்டுத் தாயும் மகளும் வேளாவேளைக்குக் கோயிலுக்குப் போகிறோம் என்று கிளம்பினார்கள். திரும்பி வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். நாலு நாளாகியும் ரெண்டு பேரில் ஒருத்தரும் இளைக்கவில்லை. பக்தியின் பலன் என்று விட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாவாயி வெளியிலிருந்து வந்தாள். கதவை இடித்துத் திறந்து உள்ளே வந்தவள் கூடத்தின் நடுவில் நின்றாள். அவள் இடுப்பில் எண்ணெய்க்கறை படிந்த நீல ஏப்ரன் இருந்தது.

“அம்மா, நான் தூத்துக்குடிக்குப் போகலீங்ம்மா,” என்றாள்.

“என்ன கண்ணு சொல்ற?”

“அப்பாதான் இல்லையே. தண்ணிக்கு, சாப்பாட்டுக்கு, கடனுக்கு எல்லாத்துக்கும் நீ ஒருத்தி எப்படீம்மா பாப்ப? பட்டறையில கேட்டுட்டேன். ஹெல்பரா சேத்திக்கறேன்னாங்க. திங்கக்கெழமையிலருந்து வரச் சொல்லீட்டாங்க.”

பள்ளமானி கிர்ரென்று சத்தம் போட்டது. பச்சை எழுத்துகள் ஓடின. ஒன்று எண்பது. ஒன்று தொண்ணூற்றைந்து. இரண்டு கோடியே பத்து லட்சம். மூன்று மாதமாக அவன் கனவில் கண்ட எண் சுவரில் மின்னியது. இன்னும் இரண்டு நாள், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, கைக்குட்டையில் கையைத் துடைத்துவிட்டு, உட்கார்ந்திருந்தால் போதும்.

நிதர்சன் எண்ணைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏப்ரனின் நாடாவை அவள் பின்னால் முடிச்சுப் போடத் தெரியாமல் முன்னால் கொண்டுவந்து கட்டியிருந்தாள். அவனும் முதல் நாள் அப்படித்தான் கட்டினான். பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். திங்கட்கிழமை என்று அவள் சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

“கழட்டு அத,” என்றான்.

அவன் குரல் அவனுக்கே பெரிதாகக் கேட்டது. “கழட்டுன்னு சொல்றேன்ல? யாரக் கேட்டுட்டுப் போன பட்டறைக்கு? தண்ணி ஏலம் அஞ்சு நாப்பத்திமூணுக்குக் கேட்டா மலிவா உழும், தெரிஞ்சுக்க. கதவுல கீழ்க்கீலுக்கு ஒரு சாண் மேல முழங்கால்ல தட்டோணும். சமையற்கரத்துக்கு அவசரக் குறியீட்டு எண் உன்ற பொறந்த தேதி. ஸ்க்ரூ டிரைவர் அரிசி டப்பாவுல இருக்குது. எல்லாஞ் சொல்லீட்டேன். நீ படிக்கப் போற, அவ்வளவுதான்!”

பள்ளமானி ‘டொக்’ என்று நின்றுபோனது. பாவாயி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அய்யோ அப்பா! இன்னும் ரெண்டே நாளுப்பா! கெடுத்துட்டீங்களேப்பா!”

தன்ஷிகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அஞ்சு நாளா அந்தக் கருகுன உப்புமா நாத்தத்துல உக்காந்துட்டு நடிச்சனுங் மாமா. நாலு பாத்திரம் கெட்டுப்போச்சு. நல்ல ஊறுகா, அதையும் ஒடச்சேன். எல்லாம் போச்சு!”

நிதர்சன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நடிப்பு என்ற சொல் மண்டைக்குள் இறங்க அவனுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. அவன் ஸ்பேனர் எடுத்த அன்றே அவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இந்த மனுசன் இவ்வளவு கஷ்டப்படுகிறாரே, ரெண்டு கோடி விழவில்லை என்றால் நொந்துபோவார் என்று தாயும் மகளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்கிறார்கள். சமையற்கரத்தின் பூட்டை அப்போதே தன்ஷிகா திறந்து பார்த்துவிட்டு மறுபடி பூட்டி வைத்தாள். மூன்று வேளையும் ஜோயல் வீட்டில் சாப்பாடு. ஏலத்தில் கூடுதலாக எடுத்த தண்ணீரைக்கூட ஃப்ளோராவுக்கே பாதியை விற்றுவிட்டார்கள்.

“அப்ப ஏப்ரனு?”

“உங்களுதுதாங்ப்பா. லாஃப்ட்ல கெடந்துச்சு.”

ஏப்ரனின் பையோரம் சிகரெட் நுனி அளவுக்கு ஒரு பொத்தல் இருந்தது. முதல் வாரம் பட்டறையில் இரும்பைப் பற்றவைக்கும்போது பொறி பட்டுச் சுட்ட பொத்தல். இத்தனை வருடமாக அதை யார் எடுத்து வைத்தது என்று அவன் கேட்கவில்லை. தன்ஷிகா அதை அவிழ்த்து நாலாக மடித்தாள்.

சனிக்கிழமை ரோகித்குமார் பெட்டியைக் கழற்ற வந்தார். அறிக்கையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மூவரும் பரீட்சை முடிவுக்கு நிற்பவர்களைப் போல வரிசையாக நின்றார்கள்.

“அறுவத்திநாலு லட்சம் தம்பி.”

“ரெண்டு கோடியே பத்துங்ணா! கண்ணால பாத்தனுங்களே!”

“அது மேல்கணக்கு. நடிப்பக் கழிச்சுட்டா இதுதான்.” ரோகித்குமார் கொஞ்சம் சங்கடத்தோடு கண்ணாடியைத் துடைத்தார். “இந்தப் பொட்டி எல்லாத்து நாடியையும் கேட்டுட்டே இருக்குமுங். நடிக்கறப்ப நாடி வேற மாதிரி துடிக்குது. நூறு ஊட்டுல தொண்ணூறு ஊட்டுல நடிக்கறாங்க தம்பி.”

“இத ஏனுங்ணா முன்னாலயே சொல்லல?”

“சொன்னா யாரு பாலிசி எடுப்பாங்க?”

அறிக்கையை அவர் மேலிருந்து கீழாக வாசித்தார். உப்புமா, முழு நடிப்பு. ஊறுகாய் ஜாடி, முழு நடிப்பு. கதவு, கணவர் செய்த கோளாறு, கழிக்கப்பட்டது. அவனுடைய சம்பளம் மட்டும் அப்படியே ஏறியிருந்தது. பிறகு ஒரு வரியில் கொஞ்சம் நின்றார். “மகள் படிப்பைக் கைவிடும் முடிவு. நடிப்பு, எழுபது விழுக்காடு.”

“மிச்சம்?” என்றான் நிதர்சன்.

“மிச்ச முப்பது நெசம். அதுனாலதான் இந்தளவுக்காச்சும் வந்துச்சு. நீங்க ரெண்டு நாள் பொறுத்திருந்தா அது நாப்பது, அம்பதுன்னு ஏறியிருக்கும் தம்பி. தொகையும் கூடியிருக்கும்.”

பாவாயி சுவரில் இருந்த ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மொதல்ல வெளையாட்டுக்குத்தாங்ப்பா போட்டேன்,” என்றாள். “கட்டிட்டுக் கண்ணாடியில பாத்தனா, அப்பத்தான் கொஞ்சம் நெசமாட்டம் ஆயிருச்சு.”

“கூட வேண்டாமுங்ணா,” என்றான் நிதர்சன். “அறுவத்திநாலே போதும். எங்க கையெழுத்துப் போடோணும்?”

“படிப்புக்குப் பத்துமுங். ஊட்டுக் கடனுக்குப் பத்தாது, பாத்துக்குங்க.”

“கடன நான் பாத்துக்குவனுங்ணா,” என்றாள் தன்ஷிகா. “எனக்கென்ன மூக்கு இல்லையா?” மஞ்சள் மண்டியில் அவள் சம்பளம் நிதர்சனுடையதைவிடக் கூட என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், நிதர்சனுக்கும் தெரியும், ஆனால் ரெண்டு கோடிக் கணக்குப் போடும்போது மட்டும் ஏனோ ஞாபகம் வரவில்லை. அவன் கையெழுத்துப் போட்டான். அப்பா போடாத கையெழுத்து. போட்டு முடித்ததும் நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. வெட்கத்தை விட்டு மூக்கை உறிஞ்சினான்.

ரோகித்குமார் கிளம்பும்போது அறிக்கையின் கடைசித் தாளைத் தனியாக எடுத்து அவனிடம் கொடுத்தார். “இதொண்ணு இருக்குது. சின்ன எனம். நான் நாப்பது வருசமா இதப் பாத்துட்டிருக்கறேன், ஒவ்வொரு ஊட்டுலயும் ஒவ்வொரு மாதிரி வரும்.”

அதில் இரண்டே வரி இருந்தது. ‘திங்கள் முதல் வியாழன் வரை, மாலை 6.20-க்கு லிஃப்ட் திறக்கும் ஓசை கேட்டபோதெல்லாம் மனைவியும் மகளும் பேச்சை நிறுத்தி வாசல்கதவைப் பார்த்தனர். நடிப்பு இல்லை. நேர இழப்பு, நாளொன்றுக்கு ரூபாய் எண்பத்திரண்டு வீதம், நான்கு நாளுக்கு ரூபாய் முந்நூற்று இருபத்தெட்டு.’

நிதர்சன் அதை மூன்று முறை வாசித்தான். ஆறு இருபது அவன் பட்டறையிலிருந்து வீடு திரும்பும் நேரம். அந்த நான்கு மாலையும் அவன் அதே கூடத்தில், அவர்களுக்கு ஆறடி தள்ளி, நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். தன்ஷிகாவிடம் தாளை நீட்டினான். அவள் வாசித்துவிட்டு, “இதுக்கும் பணம் போட்டிருக்கறானுங்களா, வெக்கங்கெட்டவனுங்க,” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள். சமையற்கரம் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போனான். மாலை லிஃப்டில் ஜோயல் வந்தார். “என்ன நிதர்சன், அறுவத்திநாலாமே? எனக்கு வந்தது மேடுப்பா, மேடு!” என்று ஆரம்பித்து மூட்டுவலிக்கு வருவதற்குள் ஒன்பதாவது மாடி வந்துவிட்டது. அவனே பொத்தானை அமுக்கியிருந்தான். அதுகூட நன்றாக இருந்தது.

கதவு திறந்தது. மணி ஆறு இருபது. நிதர்சன் வெளியே வந்து தன் வீட்டு வாசலில் நின்றான். கோணல் கதவை ஞாயிற்றுக்கிழமையே நிமிர்த்திவிட்டிருந்தான். அதற்கு அப்பால் பாவாயி எதையோ சொல்லித் தன்ஷிகா சிரிப்பது கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. உள்ளே யாரும் பேசவில்லை.

எண்பத்திரண்டு ரூபாய், என்று நினைத்துக்கொண்டு மணியை அமுக்கினான்.